வாட்டர்கலர்: நம்ம ஊர் வெயிலில் வாஷ் ஏன் திட்டுத்திட்டாக நிற்கிறது? கூடவே ஒரு காம்போசிஷன் சந்தேகம்

பல்லடம்_பென்சில்

வணக்கம்ங்க. பென்சில் ஓரளவு கைவந்த பிறகு வாட்டர்கலர் பக்கம் வந்திருக்கிறேன். வெளிநாட்டு ஓவியர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான் பழக்கம். அவர்கள் பேப்பர் முழுக்கத் தண்ணீர் தடவி, மேலிருந்து நீலத்தை இறக்கி (வாஷ் என்கிறார்களே, நீர்த்த கலரால் பெரிய இடத்தைச் சீராக மூடுவது), நடுவே கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம் நிதானமாக மேகத்தை வைக்கிறார்கள். அதையே நான் மொட்டைமாடியில் செய்தால், கீழே அடிவானத்துக்கு வருவதற்குள் மேலே காய்ந்துவிடுகிறது. வரி வரியாக நிற்கிறது. சரிசெய்யலாம் என்று ஈரப் பிரஷ்ஷை வைத்தால் பூப்பூவாகத் திட்டு விழுகிறது.

பேப்பர் டவுனில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய பேட், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்). அட்டையில் ‘வாட்டர்கலர்’ என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். கலர் மாணவர்களுக்கான டியூப் செட். இது பேப்பர் கோளாறா, வெயில் கோளாறா, கை கோளாறா?

இன்னொன்று. காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, வரைந்து இணைத்திருக்கிறேன். கிளுவை வேலி, ஒரு வெள்வேலா மரம், இரண்டு மாடு, ஒரு கன்று. எல்லாம் இருக்கிறது, ஆனால் படமாக இல்லை. தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்க.

[இணைப்பு: கொறங்காடு, 11 × 15 அங்குலம்]

ஜமக்காளம்

மாடு நல்லாருக்கு. வேலி ரயில் தண்டவாளம் மாதிரி போகுது. மத்ததைப் பெரியவங்க சொல்லுவாங்க.

ஈரோடு_போர்டுக்காரர்

தம்பி, மூன்று கோளாறும் இருக்கிறது. கையிலிருந்து ஆரம்பிப்போம், அதற்குத்தான் காசு செலவில்லை.

நான் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முந்தைய ஆள். போர்டும் பேனரும் எழுதிப் பிழைத்தவன். சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பட்டையின் ஓரம் காயும் முன்னால் அடுத்த பட்டையைச் சேர்த்துவிடுவார்கள். காய விட்டுச் சேர்த்தால் சுவர் முழுக்க வரி தெரியும். வாஷுக்கும் அதே சட்டம்தான்.

முதலில் கலரைக் கரைத்து வையுங்க, தேவைக்கு மேலேயே. வானத்தின் பாதியில் கலர் தீர்ந்து மறுபடி கரைக்கப் போனால் அந்த நேரத்தில் ஓரம் காய்ந்துவிடும். எத்தனையோ பேருடைய வரி அங்கேதான் விழுகிறது. பலகையின் தலைமாட்டில் ஒரு கட்டையைச் செருகிச் சாய்த்து வையுங்க. பெரிய பிரஷ்ஷில் நிறையக் கலர் எடுத்து இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. அந்த இழுப்பின் கீழோரத்தில் தண்ணீர் மணிபோல் திரண்டு தொங்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியை மட்டும் தொட்டு, அதைக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. கடைசி வரியில் பிரஷ்ஷைப் பிழிந்து, நிற்கிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடுங்க. அதை அப்படியே விட்டால் மேலே காய்கிற ஈரத்துக்குள் அது ஏறிப் போகும். நீங்கள் சொல்கிற ‘பூ’ அதுதான்.

6ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வானம் போடாதீங்க. ஒன்றரை அங்குல ஃப்ளாட், இல்லையென்றால் நிறையத் தண்ணீர் பிடிக்கிற குண்டு மாப் பிரஷ். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெல்லிய முடிப் பட்டைப் பிரஷ்கூடப் போதும்.

அப்புறம் ஈரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளணும். பேப்பரைக் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்க. தண்ணீர் தேங்கிக் கண்ணாடியாகப் பளபளக்கிறதா, அப்போது எதை வைத்தாலும் ஓடும். தேக்கம் போய் மெல்லிய மினுக்கு மட்டும் இருக்கிறதா, மேகத்தின் அடிநிழலை வைக்க அதுதான் நேரம். மினுக்குப் போய் மங்கிவிட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா, அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்க. அந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் கெடுக்கிறார்கள். சில்லிப்பும் போன பிறகு அடுத்த வாஷைத் தைரியமாகப் போடலாம்.

எந்தக் கட்டமானாலும் ஒன்று: இரண்டாவதாக வைக்கிற பிரஷ்ஷில் பேப்பரில் இருப்பதைவிடத் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். கலர் கெட்டி, தண்ணீர் கம்மி. அதற்குத்தான் இடது கையில் எப்போதும் ஒரு பழைய பனியன் துணி.

உடுமலை_காத்து

அண்ணா சொன்னது எல்லாம் சரிங்க. ஆனால் எங்க ஊரில் வெயிலைவிடக் காற்றுதான் எதிரி. ஆனியும் ஆடியும் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஊரையே தூக்கிப் போகும், காற்றாலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். மேகம் மூடி வெயிலே இல்லாத நாளில்கூட வாஷ் உடனே காய்கிறது. கோயில் மதில், மோட்டார் ரூம் சுவர் என்று மறைவு கிடைக்கிற இடத்தில் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்காருவேன். பலகையை நாலு மூலையிலும் கிளிப் போட்டு, ஸ்டாண்டுக்கு நடுவில் கல் போட்ட பையைத் தொங்கவிடுவேன்.

மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி, கலர் கரைக்கும் தண்ணீரில் சில சொட்டு விட்டால் காய்வது கொஞ்சம் தாமதமாகும். கலர் தயாரிக்கும்போதே இறுகாமலிருக்கத் தேனோ கிளிசரினோ சேர்ப்பதுண்டு, அதனால் புதிதாக எதையும் கலப்பதாக நினைக்க வேண்டாம். அதிகம் விட்டால் பிசுபிசுப்பு போகாது, தூசி ஒட்டும்.

பல்லடத்துக்காரரே, மார்கழியில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பாருங்க, அதே பேப்பர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வால்பாறை மழையில் இதற்கு நேர் எதிர். அங்கே முதல் வாஷ் காய்வதற்குள் டீ குடித்து, ஊர்க்கதை பேசி, இன்னொரு டீயும் குடிக்கலாம். வீடியோவில் அவர் ‘ஐந்து நிமிஷம் பொறுங்கள்’ என்றால் அது அவர் ஊர் ஐந்து நிமிஷம். நிமிஷத்தைப் பார்க்காமல், அண்ணா சொன்ன மினுக்கைப் பாருங்க.

கோபி_மாஸ்டர்

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேப்பரைப் பற்றி நான் சொல்கிறேன்.

200 ஜிஎஸ்எம் மரக்கூழ் பேப்பரில் பெரிய வாஷ் போட்டால் அது நெளியும். நெளிந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், மேட்டில் காயும். ஒரே வாஷில் இரண்டு விதமான ஈரம் இருந்தால் எந்தக் கை வந்தாலும் திட்டுதான். 300 ஜிஎஸ்எம், நூறு சதவீதப் பருத்தி, ‘கோல்டு பிரஸ்’ என்று கேட்டு வாங்குங்கள், அது மிதமான சொரசொரப்பு. ‘ஹாட் பிரஸ்’ வழவழப்பாக இருக்கும், பூ, இலை போன்ற நுணுக்க வேலைக்கு நல்லது. ‘ரஃப்’ நன்றாகச் சொரசொரப்பாக இருக்கும். பிரஷ்ஷை உலர்த்திப் படுக்கையாக இழுத்தால் மேடு மட்டும் கலர் வாங்கும், சரளை மண்ணுக்கும் பாறைக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்.

பருத்தி இழை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், மரக்கூழ் அந்த அளவுக்கு வைக்காது. மேலே ஜெலட்டின் அல்லது வேறு பசை ஏற்றியிருப்பார்கள். அதற்கு ‘சைஸிங்’ என்று பெயர். நம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அவர்களும் அதை சைஸிங் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பசை இருப்பதால்தான் கலர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்கிறது. மழைக்காலத்தில் பேப்பரை ஈரச் சுவரோரம் வைத்தால் பசை கெட்டுவிடும். வாஷ் போட்டதும் அங்கங்கே கரும்புள்ளியாக உறிஞ்சினால் அதுதான் காரணம்.

நம் பக்கத்து உலர் காற்றுக்கு ஒரு வழி. பருத்தி பேப்பரை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் தகட்டின்மேல், அல்லது வழவழப்பான மைக்கா ஒட்டிய பலகைமேல் படுக்க வையுங்கள். அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் கையால் நீவி விட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்க ஈரம் மேலே வந்துகொண்டே இருப்பதால் நிதானமாக வேலை செய்யலாம். மேலாக மட்டும் தண்ணீர் தடவி வேலை செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். வீடியோவில் காட்டுகிறவர்களில் பலர் இப்படி முன்பே நனைத்து வைத்துவிட்டுத்தான் கேமராவைப் போடுகிறார்கள்.

ஜமக்காளம்

மாஸ்டர், நூறு சதவீதப் பருத்தி என்றால் விலை ஆனை விலை சொல்றாங்களே. நம்ம ஊர்ல இல்லாத பருத்தியா?

கோபி_மாஸ்டர்

நம் ஊர்ப் பருத்தியும் பேப்பராகிறது தம்பி. இந்தியாவில் கைக்காகிதம் செய்கிறவர்கள் பலருக்கு முக்கிய மூலப்பொருளே பனியன் கட்டிங் வேஸ்ட்தான். அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, துணிகளுக்கிடையே அடுக்கி அழுத்துவார்கள். பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாக் கைக்காகிதமும் வாட்டர்கலர் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாழ்த்து அட்டைக்குச் செய்ததில் பசை குறைவாக இருக்கும், கலரை இங்க் ஒற்றுத்தாள் மாதிரி குடித்துவிடும். வாங்குமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். மேலே நின்றால் வாங்கலாம், உடனே இறங்கினால் வேண்டாம்.

விலைக்கு ஒரே வழி, முழுத்தாளாக வாங்கி வெட்டிக்கொள்வது. 22 × 30 அங்குலத் தாளை நாலாக்கினால் தம்பி போட்டிருக்கிற அளவு வரும், எட்டாக்கினால் பயிற்சிக்குப் போதும். இரண்டு பக்கமும் போடலாம். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு போன்ற கம்பெனிப் பேப்பர் எல்லாம் முழுத்தாளாகவும் கிடைக்கின்றன. மட்டமான பேப்பரில் ஐம்பது படம் போட்டுப் பழகிவிட்டு நல்ல பேப்பருக்குப் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் அந்தப் பேப்பரின் கோளாறைச் சமாளிக்கத்தான் கை பழகும்.

லேப்டிப்_கரூர்

சாயப்பட்டறை லேபில் கலர் மேட்ச் செய்கிறவன் என்ற முறையில் டியூபைப் பற்றி நாலு வார்த்தை.

பெயரைப் பார்த்துக் கலர் வாங்காதீங்க. டியூபின் முதுகில் சின்ன எழுத்தில் பிபி29, பிஆர்83 என்று நிறமியின் எண் இருக்கும். ஒரே எண் இருந்தால் ஒரே நிறமி. மூன்று நாலு எண் இருந்தால் ஏற்கெனவே கலந்தது, அதோடு நீங்கள் இன்னொன்றைக் கலந்தால் சேறாகும். அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர்83, பார்க்க அழகு, வெளிச்சத்தில் மங்கும். அதற்குப் பதில் பிவி19 என்று போட்ட ரோஸ் நிற்கும். சந்தேகமிருந்தால் எங்கள் லேபில் துணிக்குச் செய்வதையே நீங்களும் செய்யலாம். ஒரு பட்டை பேப்பரில் எல்லாக் கலரையும் தீற்றி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டிவிட்டு மறந்துவிடுங்க. கோடை முடிந்து அட்டையை எடுத்துப் பாருங்க, எந்தக் கலர் கூட இருக்கும், எது ஓடிப்போகும் என்று தெரியும்.

நம் சீமைக்கு மூன்று கலரை வைத்தே முக்கால்வாசி வேலை ஆகும்: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின். பின்னது இரண்டையும் கலந்தால் அருமையான சாம்பல். நீலம் கூடினால் மழை மேகம், சியன்னா கூடினால் நிழல் விழுந்த செம்மண். கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம். கிளுவை வேலிக்கு டியூப் பச்சையைப் போட்டால் பிளாஸ்டிக் செடியாகிவிடும். ஓக்கரும் அல்ட்ராமரினும் சேர்ந்த மங்கின பச்சைதான் அதன் நிறம். ஆனால் மாஸ்டர் ஊர் நாற்றங்காலுக்கு இது எடுபடாது. அதற்கு எலுமிச்சை மஞ்சளில் தாலோ நீலம் ஒரு துளி. துளிதான், தாலோ வெறிபிடித்த கலர், ஏறிய இடத்தை விட்டுக் கழுவினாலும் போகாது.

அல்ட்ராமரின் அப்படி இல்லை. அதன் துகள் பேப்பரின் பள்ளங்களில் போய்ப் படிந்து பொடிப்பொடியாகத் தெரியும். கழுவினால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். வேட்டி வெளுக்கவும் சுண்ணாம்பில் கலக்கவும் பாட்டிமார் வாங்கின நீலப்பொடி இருக்கிறதே, அதுவும் இந்த அல்ட்ராமரின்தான்.

கடைசியாகத் தண்ணீர். போர் தண்ணீரில் கலர் கரைக்காதீங்க. எங்கள் பக்கத்துக் கடினத் தண்ணீரில் சில கலர் சீராகப் பரவாமல் துகள் துகளாகப் பிரிந்து நிற்கும். குடிக்கிற தண்ணீரையே எடுத்துப் போங்க. கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணி என்று இங்கேயும் பெருமை பேச ஒரு வாய்ப்பு.

பேரூர்_படித்துறை

பேசிட்டுப் போறோம் :) சிறுவாணி சிறுவாணிதான்.

கொறங்காட்டுப் படத்தைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் நான். பேரூரிலும் உக்கடம் குளக்கரையிலும் உட்கார்ந்து வரைகிற ஆள், கடந்த சில வருஷங்களில் பெரிய கைகள் பலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்தது.

படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்க. இமை பாதி மூடினால் விவரம் போய் இருட்டு, வெளிச்சம் மட்டும் நிற்கும். உங்கள் படத்தில் என்ன நிற்கிறது? மேலே ஒரு வெளிர் பட்டை, நடுவே ஒரு பச்சைப் பட்டை, கீழே ஒரு காவிப் பட்டை. மூன்றும் ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே அழுத்தம். மரம் நட்டநடுவே. மாடுகள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், எல்லாம் பக்கவாட்டில். கண் எங்கே போகும்? எங்கேயும் போகாது.

கலர் தொடுவதற்கு முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே அழுத்தத்தில் படத்தை அடக்குங்க. பேப்பர் வெள்ளை, நடுத்தரம், இருட்டு. அந்தச் சின்னக் கட்டத்தில் நிற்காத படம் கால் ஷீட்டிலும் நிற்காது. அப்படி நாலைந்து கட்டம் போடுவதற்குள் எதை விடுவது என்று தெரிந்துவிடும்.

இந்தப் படத்துக்கு நான் என்ன செய்வேன் என்றால்: அடிவானத்தைக் கீழே இறக்குவேன். காங்கேயம் பக்கம் வானம்தானே பெரிசு. வேலியைக் குறுக்கே விடாமல், இடது கீழ் மூலையிலிருந்து சாய்வாக உள்ளே போகவிட்டு, கடவு இருக்கும் இடத்தில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிதான் கண் நுழைகிற வழி. மரத்தை வலப்பக்கம் தள்ளி, அதன் நிழலைத் தரையில் நீளமாக விழவைத்து, மாடுகளை அந்த நிழலுக்குள் நிறுத்துவேன். மரத்தின் நிழல், மாட்டின் வயிற்று நிழல், தரை நிழல் மூன்றையும் தனித்தனியாகப் போடாமல், ஈரமாக இருக்கும்போதே ஒன்றாக ஓடவிடணும். மாடு மண்ணில் நிற்பது அப்போதுதான் தெரியும். உங்கள் மாடுகள் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிழல் கோடு.

இரண்டு மாட்டையும் ஒரே உருவமாகச் சேர்த்துவிடுங்க. ஒன்றின் தலை, கொம்பு, திமில் மட்டும் தெளிவாக இருக்கட்டும். மற்றது ஒரு முதுகு, ஒரு வால், போதும். காங்கேயம் காளைக்குத் திமிலும் கழுத்தும் பின்தொடையும் கருக்கும், நடு உடல் வெளுப்பு. அந்த வெளுப்புக்குப் பேப்பரை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் வேலியை இருட்டாக்கினால் மாடு தானாக முன்னால் வரும். வெள்வேலாவின் வெளிர்ப் பட்டைக்கும் அதே உபாயம்: அடிமரம் வேலிக்கு எதிரே வெளுப்பாக, அதே மரம் மேலே போய் வானத்துக்கு எதிரே வரும்போது இருட்டாக. மாறுகிற இடத்தில் ஓரம் கரைந்து போகட்டும்.

கன்று இருக்கிறதே, அதுதான் உங்கள் படத்தில் உள்ள நல்ல விஷயம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து பிறகுதான் சாம்பலாக மாறும். அத்தனை சாம்பலுக்கும் மங்கின பச்சைக்கும் நடுவே அந்த ஒரு செந்நிறம். நீங்களோ அதை வேலியோரம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்! நிழலின் விளிம்பில், பாதி உடம்பு வெயிலில் இருக்கும்படி கொண்டுவாங்க. பர்ன்ட் சியன்னாவை வேறெங்கும் அவ்வளவு சுத்தமாகப் போடாதீங்க.

பல்லடம்_பென்சில்

படித்துறை அண்ணா, இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. நன்றிங்க. ஒரு சந்தேகம். மாட்டின் வெளுப்பைப் பேப்பரில் விடத் தவறினால் கடைசியில் வெள்ளை கலரைத் தொட்டு வைக்கலாமா? கொழுக்கட்டைப் புல்லின் கதிர் வெயிலில் மின்னுவதையெல்லாம் எப்படித்தான் விடுவது?

சுத்தஜலம்

வெள்ளை போட்டால் அது வாட்டர்கலரே இல்லை. பேப்பர்தான் வெள்ளை. வெள்ளை விட வேண்டிய இடத்தை மூடி வைக்கிற மாஸ்கிங் திரவம், வெள்ளை ஜெல் பேனா எல்லாம் குறுக்கு வழி. பொறுமை இல்லாதவர்கள் அக்ரிலிக்குக்குப் போகலாம்.

ஈரோடு_போர்டுக்காரர்

அடேங்கப்பா. எனக்கு இவ்வளவு கறார் தாங்காது. வேலை முடியணும், படம் நிற்கணும்.

கோபி_மாஸ்டர்

சுத்தஜலம் அவர்கள் சொல்வது ஒரு மரபு, அதற்கு மதிப்பு உண்டு. சில அமைப்புகளின் போட்டிகளில் வெள்ளை கூடாது என்று விதியே இருக்கிறது, அங்கே அனுப்புவதானால் அதன்படி போட வேண்டும். ஆனால் வாட்டர்கலரே இல்லை என்பது அதிகம். இங்கிலாந்து ஓவியர் டர்னர் நீலத்தாளில் வெள்ளை கலந்த கெட்டி வண்ணம் போட்டிருக்கிறார். அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் மெழுகைத் தேய்த்து வெள்ளையைக் காப்பாற்றியும் இருக்கிறார், கெட்டி வண்ணத்தை மேலே வைத்தும் இருக்கிறார். நம் நாட்டுச் சிற்றோவியங்கள் பெரும்பாலும் கெட்டி நீர்வண்ணம்தான்.

இன்னொரு மரபும் இருக்கிறது. கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூர், 1903இல் அங்கே வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா டைகானிடம் பார்த்த முறையைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டு, வண்ணமிட்ட தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்து, காயவைத்து, மறுபடி வண்ணமிட்டு, மறுபடி முக்கினார். அந்தப் படங்களின் மங்கல் அப்படி வந்தது. அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் பிறகு சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அவர் காலத்தில் அங்கே படித்தவர் நம் நாமக்கல்லில் பிறந்த சில்பி. கோயில் கோயிலாகப் போய், சந்நிதித் தூணடியில் உட்கார்ந்து ஆனந்த விகடனுக்கு வரைந்தவர். இவர்கள் யாரும் ஒருவர் போட்ட மாதிரி இன்னொருவர் போடவில்லை.

நீங்கள் கற்கும் காலத்தில் மட்டும் வெள்ளை டியூபை எடுத்து வைத்துவிடுங்கள். மரபுக்காக இல்லை. அது கையெட்டும் தூரத்தில் இருந்தால் எங்கே பேப்பரை விடுவது என்று முன்கூட்டி யோசிக்க மாட்டீர்கள்.

சுத்தஜலம்

கடைசிப் பத்தியோடு ஒத்துப்போகிறேன். சார்ஜென்ட் விஷயத்தில் அவர் சார்ஜென்ட், நாம் சார்ஜென்ட் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புல்லுக்கு வழி: வேலியின் இருட்டு வாஷ் மங்கும் கட்டத்தில், ஏடிஎம் கார்டை வெட்டி அதன் முனையால் கீழிருந்து மேலே கீறுங்க. ஈரம் சரியாக இருந்தால் கலர் ஒதுங்கி வெளிர்க் கோடு விழும். அதிக ஈரமாக இருந்தால் கீறிய பள்ளத்துக்குள் கலர் திரும்ப ஓடி, கோடு முன்பைவிட இருட்டாகிவிடும். ஓரத் துண்டில் பழகிவிட்டுச் செய்யுங்க. இது குறுக்கு வழி இல்லையா என்று கேட்க வேண்டாம்.

ஜமக்காளம்

கேட்கலாமுன்னு வாயெடுத்தேன்.

உடுமலை_காத்து

சரி, இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், யாரிடமாவது நேரில் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா? என்னிடம் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மா இதைத்தான் கேட்கிறார்கள். யூட்யூப் இருக்கிறதே, ஃபீஸ் எதற்கு என்று.

பேரூர்_படித்துறை

வீடியோவில் வெட்டி எறிகிற இடம்தான் அக்கா பாடமே. புனேயில் மிலிந்த் முளிக் மாதிரி பெரிய ஓவியர்கள் இடத்திலேயே உட்கார்ந்து கூட்டத்துக்கு நடுவே போட்டுக் காட்டுகிறார்கள். பதிவுகளும் நிறையக் கிடைக்கின்றன, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எடிட் செய்த வீடியோவில் பிரஷ் பேப்பரில் இருக்கிற நேரம் மட்டும்தான் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் மற்றது தெரியும். பெரிய கை ஒருவர் படகு ஒன்றைப் போடும்போது பார்த்தேன். கலரைத் தொட்டார், பேப்பருக்கு மேலே கொண்டுபோனார், நிறுத்தினார். தலையைச் சாய்த்து மினுக்கைப் பார்த்தார். பிரஷ்ஷின் அடிக்கழுத்தைத் துணியில் ஒற்றினார், நுனியை இல்லை. ஈரம் கழுத்தில்தான் தேங்கி நின்று பிறகு இறங்குகிறது. மறுபடி பேப்பருக்கு மேலே. மறுபடி நிறுத்தினார். அப்புறம் வைத்தது ஒரே தீற்று, படகின் நிழல் முழுக்க அதிலேயே முடிந்தது. நிறுத்தின நேரத்தைக் கூட்டினால் தீற்றின நேரத்தைவிட எத்தனையோ மடங்கு. அவர் எந்தக் கலர் எடுக்கிறார் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பக்கத்து ஆள் இதைப் பார்க்கவே இல்லை.

அதனால் பிள்ளைகளிடம் சொல்லுங்க: பெரியவர் கை எப்போது சும்மா இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்க. கலர், பிரஷ் எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அசல் படங்களையும் காட்டுங்க. போனில் தெரியும் படத்தில் துகள் தெரியாது, கரைந்த ஓரம் தெரியாது. அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரி இருக்கிறது, கண்காட்சி நடக்கும்போது கூட்டிப்போய் ஒரு படத்தின் முன்னால் நிறுத்தி, எதை முதலில் போட்டிருப்பார், எதைக் கடைசியில் போட்டிருப்பார் என்று கேளுங்க. வாட்டர்கலரில் அடுக்கு மறையாது, துப்பறிந்துவிடலாம்.

லேப்டிப்_கரூர்

இதோடு ஒரு சேர்க்கை. ஆஸ்திரேலிய ஓவியர் ஜோசப் ஸ்புக்விக் இந்த ஈரக் கணக்கை ஒரு கடிகாரமாகவே சொல்லுவார். ஒரு பக்கம் கலரின் கெட்டித்தன்மை, டீயிலிருந்து வெண்ணெய் வரை. இன்னொரு பக்கம் பேப்பரின் ஈரம். இரண்டும் சந்திக்கிற இடம்தான் விளைவு. லேபில் நாங்கள் சாயத்தின் அளவு, சூடு, நேரம் மூன்றையும் எழுதி வைப்பதுபோல, நான் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அழகான படம் இல்லை, ஆனால் அதைப்போல் உபயோகமான தாள் வீட்டில் வேறில்லை.

பல்லடம்_பென்சில்

எல்லோருக்கும் நன்றிங்க. பேப்பரை மாற்றி, மாஸ்டர் சொன்னபடி இரண்டு பக்கமும் நனைத்து, சாயங்காலம் மாடியில் தொட்டி மறைவில் வைத்துப் போட்டேன். வானம் வரியில்லாமல் வந்துவிட்டது. ஈரத்தில் பார்த்ததைவிடக் காய்ந்த பிறகு ரொம்ப வெளிறிவிட்டதே, அது எதனால்?

[இணைப்பு: வானம் மட்டும்]

ஈரோடு_போர்டுக்காரர்

வானம் நல்லா இறங்கியிருக்கு. வெளிறுவது எல்லோருக்கும்தான், காய்ந்தால் ஒரு படி குறையும். ‘ஐயோ, அதிகமாப் போச்சு’ என்று தோன்றும் அளவுக்குப் போட்டால் சரியாக வரும். பயந்து பயந்து ஏழெட்டு வாஷ் ஏற்றினால் அழுக்காகத்தான் தெரியும்.

பல்லடம்_பென்சில்

சரிங்கண்ணா. அடுத்து மாடுகளை நேரில் பார்த்தே போடலாம் என்று இருக்கிறேன். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குப் போகிறோம். போய் உட்கார்ந்து போட முடியுமா? வெயிலுக்குக் குடை எந்தக் கலர்?

உடுமலை_காத்து

கலர் குடை வேண்டவே வேண்டாம். சிவப்புக் குடையின் அடியில் பேப்பர் சிவப்பாகத் தெரியும், நீங்கள் கலக்கிற கலர் எல்லாம் தப்பாகும். கறுப்பு அல்லது சாம்பல்.

பேரூர்_படித்துறை

சந்தையில் முழுப்படம் போடப் பார்க்காதீங்க. ஒரே பக்கத்தில் ஐந்தாறு மாட்டைத் தொடங்குங்க. ஒன்று திரும்பினால் அதை அப்படியே விட்டு அடுத்ததைத் தொடங்குங்க. கட்டிப்போட்ட மாடு கொஞ்ச நேரத்தில் அதே நிலைக்குத் திரும்ப வரும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கலர் ஒரே ஒரு நிழல் வாஷ், அல்ட்ராமரினும் சியன்னாவும். மற்றதை வீட்டில் வந்து பாருங்க.

ஈரோடு_போர்டுக்காரர்

தம்பி, குடை எந்தக் கலராக இருந்தாலும் சந்தைக்குள் விரிக்காதீங்க. காளை மிரளும், கயிற்றைப் பிடித்திருக்கிறவர் உங்களைத்தான் திட்டுவார். ஓரமாக வேப்பமர நிழல் இருக்கும், நேரத்தோடு போய் இடம் பிடிங்க.